ட்ரை ரன்: ஒரு போர்வெல் மோட்டாரும் 645 அர்த்தங்களும்

2021ஆம் வருஷம் ஒரு பம்ப் கம்பெனிக்காக மானுவல் ஒன்றைத் தமிழில் மொழிபெயர்த்துக் கொடுத்தேன். கம்பெனி பெயர் வேண்டாம். தப்பு அவங்களுது இல்ல, என்னோடது. போர்வெல்லுக்குள் இறக்குகிற சப்மெர்சிபிள் மோட்டார். மொத்தம் 24 பக்கம். வாரண்டிப் பகுதியில் ஒரு வரி: ட்ரை ரன்னால் வரும் பழுதுக்கு வாரண்டி செல்லாது.

அந்த ஜனவரியில்தான் கொரோனா தடுப்பூசிக்கு நாடு முழுக்க ட்ரை ரன் நடந்தது. 2ஆம் தேதி ஒன்று, 8ஆம் தேதி இன்னொன்று. தமிழ்ப் பேப்பர் எல்லாத்திலும் 'தடுப்பூசி ஒத்திகை' என்றே வந்தது. நல்ல மொழிபெயர்ப்பு அது. என் மண்டையில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. அந்த வரி வந்தபோது நான் யோசிக்கவே இல்லை. 'ஒத்திகை ஓட்டத்தால் ஏற்படும் பழுதுகளுக்கு உத்தரவாதம் பொருந்தாது' என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன்.

நாலஞ்சு மாசம் கழிச்சு டீலர் ஒருத்தர் போன் பண்ணினார். "சார், இந்தத் தமிழ் நீங்க எழுதினதா?" ஒரு விவசாயி, ராத்திரி மூணு ஃபேஸ் கரண்ட் வருமேன்னு ஆட்டோவில் போட்டுவிட்டுப் படுத்திருக்கிறார். போரில் தண்ணி இறங்கிவிட்டது. மோட்டார் விடிய விடிய வெறும் காத்தில் சுத்தி, காயில் கருகிவிட்டது. வாரண்டி கேட்டிருக்கிறார். ட்ரை ரன், கிடையாது என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் மானுவலை எடுத்து விரித்து, "நான் எந்த ஒத்திகையும் பார்க்கலையே, நேரா மாட்டி நேரா ஓட்டினேன், இதில் எங்கே தண்ணி இல்லாம ஓட்டக்கூடாதுன்னு போட்டிருக்கு?" என்று கேட்டிருக்கிறார்.

அவர் கேட்டது நூத்துக்கு நூறு நியாயம்.

கடைசியில் மோட்டாரை மேலே தூக்கிக் காயில் கட்டுகிற செலவில் பாதியை டீலரும் கம்பெனியும் ஏத்துக்கிட்டார்கள். என் அடுத்த பில்லில் கொஞ்சம் பிடித்தார்கள். நானும் ஒண்ணும் சொல்லவில்லை. ஆனால் மீதிப் பாதி அந்த விவசாயி தலையில்தான் விழுந்தது. அதற்கப்புறம் 'ரன்' என்கிற சொல்லை எங்கே பார்த்தாலும் நின்று பார்க்க ஆரம்பித்தேன். இந்தக் கட்டுரை அப்படிச் சேர்ந்த குறிப்புகள்தான்.

முதலில் கணக்கு. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு 1989இல் 20 தொகுதிகளாக வந்தது. அதில் மிக நீளமான பதிவு 'செட்' என்ற வினைச்சொல்லுக்கு: சுமார் 60,000 சொற்கள், 430 அர்த்தங்கள். ஒரு சொல்லுக்கான விளக்கமே ஒரு குறுநாவலைவிட நீளம். வினாடி வினா நிகழ்ச்சிகளில் இன்னும் 'செட்' என்றுதான் விடை சொல்கிறார்கள். ஆனால் மூன்றாம் பதிப்புக்காகப் பதிவுகளை ஒவ்வொன்றாகத் திருத்தி வந்தபோது 2000இல் 'மேக்' முந்தியது, 2007இல் 'புட்' முந்தியது, 2011இல் 'ரன்' எல்லாவற்றையும் முந்திவிட்டது. அந்தப் பதிவைத் திருத்தியவர் பீட்டர் கில்லிவர் என்ற அகராதிக்காரர். இந்த ஒரு வினைச்சொல்லுக்கு அவருக்கு ஒன்பது மாதம் ஆனது. முடிவில் வந்த எண்ணிக்கை 645.

இந்த எண்ணைக் கேட்டு மலைத்துவிடக் கூடாது. அர்த்தங்களை எண்ணுவது ஆட்டுக்குட்டிகளை எண்ணுவது மாதிரி இல்லை. 'நதி ஓடுகிறது', 'குழாயில் தண்ணீர் ஓடுகிறது' இரண்டும் ஒரே அர்த்தமா, இரண்டா? சேர்த்துப் பார்க்கிற அகராதிக்காரர் ஒன்று என்பார், பிரித்துப் பார்க்கிறவர் இரண்டு என்பார். ஆக்ஸ்ஃபோர்டு பிரிக்கிற கட்சி. பள்ளிக்கூடப் பையன் பையில் வைத்திருக்கிற அகராதியில் இதே சொல்லுக்கு முப்பது நாற்பதோடு வேலை முடிந்துவிடும். இரண்டுமே பொய் இல்லை.

எனக்கு வேண்டியது எண்ணிக்கை இல்லை. காலால் ஓடுகிற ஒரு சொல் கம்பெனி நடத்துகிற இடத்துக்கும் மூக்கு ஒழுகுகிற இடத்துக்கும் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதுதான்.

காலால் ஓடுவதுதான் மூலம், தண்ணீர் ஓடுவதெல்லாம் பிற்பாடு வந்த உருவகம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது. பழைய ஆங்கிலத்திலேயே இரண்டும் உண்டு. ஆங்கிலத்தின் பங்காளி மொழியான ஜெர்மனில் இதே வேரிலிருந்து வந்த 'ரின்னென்' என்ற சொல் இன்று கசிந்து வழிவதை மட்டும்தான் குறிக்கிறது. காலால் ஓடுவதற்கு 'ரென்னென்' என்று தனியாக ஒன்று இருக்கிறது. ஆக மூக்கு ரன் ஆவது ஏதோ நேற்று முளைத்த கொச்சை வழக்கு இல்லை. பாலைத் திரிய வைத்துச் சீஸ் செய்ய உதவும் ரென்னெட் என்ற பொருளின் பெயரும் இந்தக் குடும்பம்தான் என்கிறார்கள். பால் ஒன்றாக ஓடிச் சேர்ந்துகொள்கிறது என்ற எண்ணம்.

இந்த ரின்னென், ரென்னென் ஜோடியில்தான் விஷயமே இருக்கிறது. ரின்னென் தானாக ஓடுவது. ரென்னென் ஆதியில் 'ஓட வைப்பது' என்ற பிறவினை. பழைய ஆங்கிலத்திலும் இதே போல இரண்டு சொற்கள் இருந்தன: தானாக ஓடுவதற்கு 'இர்னன்', குதிரையை ஓட வைப்பதற்கு 'ஆர்னன்'. பின்னாளில் வைக்கிங்குகளோடு வந்த வடமொழிச் சொற்களும் (சமஸ்கிருதம் இல்லை, ஸ்காண்டினேவியா) இவற்றோடு கலந்து, எல்லாம் உருகி 'ரன்' என்ற ஒரே சொல்லாகிவிட்டன. தன்வினையும் பிறவினையும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டன.

தமிழ் படித்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நம்மிடம் அந்த இரண்டு சட்டையும் பத்திரமாக இருக்கிறது: ஓடு, ஓட்டு. வண்டி ஓடுகிறது, வண்டியை ஓட்டுகிறான். ஆங்கிலத்துக்கு இரண்டும் ரன். அதனால் ஆங்கில வாக்கியத்தில் ரன்னுக்குப் பின்னால் ஒரு பொருள் நிற்கிறதா என்று பார்க்காமல் தமிழில் ஒரு எழுத்துக்கூட எழுத முடியாது. ஹீ ரன்ஸ் என்றால் அவன் ஓடுகிறான். ஹீ ரன்ஸ் எ ஹோட்டல் என்றால் அவர் முதலாளி.

இந்த இரட்டைச் சட்டைதான் ரன்னுக்குத் தொழிற்புரட்சிக் காலத்தில் அடித்த யோகம். நீராவி இயந்திரம் வந்ததும் அது செய்வதை ஏதாவது ஒரு சொல்லால் சொல்லியாக வேண்டும். அதற்குக் கால் கிடையாது, அது எங்கேயும் போவதும் இல்லை. ஆனால் நிற்காமல் தொடர்ந்து அசைந்துகொண்டே இருக்கிறது. அதை அப்படி அசைய வைக்க ஒரு ஆளும் பக்கத்தில் இருக்கிறான். ரன் இரண்டுக்கும் பொருந்தியது. இயந்திரத்திலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு எட்டுதான். 1964 மே 1 அதிகாலையில் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் ஜான் கெமனியும் தாமஸ் கர்ட்ஸும் உருவாக்கிய பேசிக் மொழி முதன்முதலாக உயிர் பெற்றது. அதில் நிரலை இயக்க அடிக்க வேண்டிய கட்டளை மூன்றே எழுத்து: ரன். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பள்ளிக்கூடக் கம்ப்யூட்டரில் பேசிக் படித்தவர்களுக்கு அந்த மூன்றெழுத்தை அடித்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஞாபகம் இருக்கும்.

நம்ம ஓடுவும் சும்மா இல்லை. கடிகாரம் ஓடுது, ஃபேன் ஓடுது, ஆட்டோ மீட்டர் ஓடுது, படம் நூறு நாள் ஓடுது. இதில் பாதி ஆங்கிலத்தோடு அச்சாகப் பொருந்தும். லண்டனில் அகதா கிறிஸ்டியின் 'த மவுஸ்ட்ராப்' நாடகம் 1952இல் தொடங்கி, கொரோனாவுக்காக நிறுத்திய ஒரு இடைவெளி தவிர, ஓடிக்கொண்டே இருக்கிறது என்பதை இரண்டு மொழியிலும் ஒரே வினையால் சொல்லலாம். ஆனால் ஆங்கிலத்தில் கை ஓடாது. நமக்குப் பதற்றம் வந்தால் கையும் ஓடாது, காலும் ஓடாது. 'ஒண்ணுமே ஓடலை' என்று தமிழன் சொல்வதை வெள்ளைக்காரனுக்கு ரன்னை வைத்துச் சொன்னால் எந்த மெஷின் என்று கேட்பான்.

பொருந்தாத இடங்கள்தான் எனக்கு ரொம்பப் பிடித்தவை.

கம்பெனி. ஆங்கிலேயன் அதை ஓட்டுகிறான், நாம் அதை நடத்துகிறோம். நடத்து என்பது நட என்பதன் பிறவினை. அவன் ஓட வைக்கிறதை நாம் நடக்க வைக்கிறோம்! கடை நடத்துகிறோம், பள்ளிக்கூடம் நடத்துகிறோம், கூட்டம் நடத்துகிறோம். சரி, ஓட்டு என்ற சொல்லைப் போட்டால் என்ன ஆகும்? போடலாம், ஆனால் சுவை மாறிவிடும். 'அவர் கடை நடத்துறார்' என்றால் தகவல். 'கடையை ஏதோ ஓட்டிக்கிட்டிருக்கார்' என்றால் வியாபாரம் படுத்துவிட்டது, ஆளுக்கு மூச்சு வாங்குகிறது என்று அர்த்தம். குடும்பம் நடத்துவதும் குடும்பத்தை ஓட்டுவதும் அப்படியே. 'எப்படிப் போகுது?' 'ஓடுது.' அந்த ஒரு சொல்லில் வீட்டுக் கடன், பிள்ளை ஃபீஸ் எல்லாம் அடங்கிவிடும். ஆங்கில ரன்னில் இந்தப் பெருமூச்சு இல்லை. ஒரு தொழிலதிபரைப் பற்றிய கட்டுரையில் 'நிறுவனத்தை ஓட்டிவருகிறார்' என்று எழுதினால் அவர் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினாலும் தப்பில்லை.

தேர்தல். அமெரிக்காவில் வேட்பாளர் ரன் பண்ணுகிறார். பிரிட்டனில் வேட்பாளர் ஸ்டாண்ட் பண்ணுகிறார். நாமும் நிற்கிற கட்சிதான். 'இந்தத் தொகுதியில் யார் நிக்கிறா?' அமெரிக்க வழக்கம் பந்தயத்தை மனதில் வைத்தது. துணை ஜனாதிபதி வேட்பாளரை அவர்கள் ரன்னிங் மேட் என்பதும் குதிரைப் பந்தயத்திலிருந்து வந்தது. ஒரே லாயத்திலிருந்து இன்னொரு குதிரைக்கு வேகம் கூட்டித் தருவதற்காக இறக்கிவிடப்படும் குதிரை. துணை ஜனாதிபதிப் பதவியின் தலையெழுத்தை இதைவிடத் துல்லியமாகச் சொல்ல முடியாது. நம்ம ஊரில் வேட்பாளர் நிற்பார், சுத்தி இருக்கிறவர்கள்தான் ஓடுவார்கள்.

கடத்தல். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தது. அப்போது படகில் சரக்கு கொண்டுவந்தவர்களுக்கு ரம் ரன்னர் என்று பெயர். அதற்கு முன், 1861இல் தொடங்கிய அமெரிக்க உள்நாட்டுப் போரில், வடக்கத்திக் கப்பற்படையின் முற்றுகையைத் தாண்டித் தென் துறைமுகங்களுக்குச் சரக்கு ஏற்றிப் போன வேகக் கப்பல்களுக்கு பிளாக்கேட் ரன்னர் என்று பெயர். ஒரு தடுப்பை மீறிக் கொண்டுபோவது இந்த ரன். சிவப்பு சிக்னலில் நிற்காமல் போவதையும் அமெரிக்கர்கள் ரன் என்றுதான் சொல்கிறார்கள். நாம் இதற்கு என்ன சொல்கிறோம்? கடத்து. கட என்பதன் பிறவினை. நட, நடத்து, கட, கடத்து, ஓடு, ஓட்டு. ஆங்கிலம் ஒரே ரன்னை வைத்துச் சமாளித்த இடத்தில் தமிழ் மூன்று வெவ்வேறு அசைவுகளைத் தேர்ந்தெடுத்து ஒரே இலக்கண அச்சில் வார்த்திருக்கிறது. இதைக் கவனித்த அன்றைக்கு நான் வேறு வேலை ஒன்றும் பார்க்கவில்லை.

அசையாத பொருள்களும் ரன் ஆகும். ரோடு ஆத்தோரமாக ரன் ஆகிறது, சுவரில் விரிசல் ரன் ஆகிறது. ரோடு எங்கேயும் போகவில்லை; நம் கண்தான் அதன் மேல் ஓடுகிறது. லெனர்ட் டால்மி என்ற மொழியியலாளர் இதற்குப் பொய்யான அசைவு என்ற பொருளில் ஒரு பெயரே கொடுத்திருக்கிறார். தமிழிலும் ரோடு போகும், செல்லும், வளைந்து இறங்கும். ஓடாது. நரம்பு மட்டும் ஓடும், ஏனென்று கேட்டால் உள்ளே ரத்தம் ஓடுவதால் இருக்கலாம்.

இடம் போலவே காலமும். ஒப்பந்தம் மூன்று வருஷம் ரன் ஆகிறது; நாம் 'அமலில் இருக்கும்' என்கிறோம். இதில் தப்பினால் விளைவு மோட்டார் கருகுவதோடு நிற்காது. ஒருவருக்குக் கோர்ட் மூன்று குற்றங்களுக்கு 5 வருஷம், 3 வருஷம், 2 வருஷம் என்று தண்டனை கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 31ஆம் பிரிவுப்படி (இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 25ஆம் பிரிவு) தண்டனைகள் 'ரன் கன்கரன்ட்லி' ஆக வேண்டும் என்று நீதிபதி உத்தரவிட்டால் அவர் உள்ளே இருப்பது 5 வருஷம். ஒன்றன்பின் ஒன்றாக என்றால் 10. நம் பேப்பர்கள் முதலாவதை 'தண்டனையை ஏக காலத்தில் அனுபவிக்க வேண்டும்' என்று எழுதுகின்றன. இங்கே பாருங்கள், ஆங்கிலத்தில் ஓடுவது தண்டனை. தமிழில் ஓடுகிற எதுவும் இல்லை. அனுபவிக்கிற ஒரு மனுஷன் வந்துவிட்டான். வாக்கியத்தின் எழுவாயே மாறிப்போனாலும் அர்த்தம் சிந்தாமல் வந்திருக்கிறது. இதை முதலில் எழுதியவர் யாரோ, என்னைவிட நிதானமானவர்.

கிரிக்கெட்டைச் சொல்லாமல் விட்டால் கமெண்ட்டில் திட்டுவீர்கள். 18ஆம் நூற்றாண்டில் ஸ்கோர் வைப்பவர் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு குச்சியில் கத்தியால் வெட்டுப் போடுவார். அதனால் அந்தக் காலத்தில் ரன்னுக்கு 'நாட்ச்', அதாவது வெட்டு, என்றே பெயர். பிறகுதான் ஓடுகிற செயலே கணக்குக்கும் பெயர் ஆனது. பெயர் ஆனதும் ஓட்டம் தேவைப்படாமல் போய்விட்டது. சிக்ஸர் அடித்தவர் மட்டையை ஊன்றிக்கொண்டு நின்று பந்து போவதைப் பார்க்கிறார், ஓடாமலே ஆறு ரன். தமிழ்நாட்டில் நாம் ரன் என்றே வைத்துக்கொண்டோம். இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளில் அது 'ஓட்டங்கள்'. எனக்கு அந்தச் சொல் பிடிக்கும், ஆனால் நின்ற இடத்திலேயே ஒருவர் 6 ஓட்டங்கள் பெற்றார் என்று படிக்கும்போது சின்னதாக ஒரு சிரிப்பு வரும். ரன் என்று எழுதும்போது அது வருவதில்லை. கடன் வாங்கின சொல்லுக்கு மூலப் பொருள் நமக்குள் செத்துப்போயிருக்கும், அதுதான் வசதி.

பேங்க் ரன் இதற்கு மாமன் மகன். 2007 செப்டம்பரில் இங்கிலாந்தில் நார்த்தர்ன் ராக் வங்கிக்கு ரன் வந்தபோது ஜனங்கள் ஓடவில்லை, வரிசையில் மணிக்கணக்கில் நின்றார்கள். 2023 மார்ச் 9 அன்று சிலிக்கான் வேலி பேங்கிலிருந்து ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்கப் பார்த்தவர்கள் நிற்கக்கூட இல்லை. பெரும்பாலும் உட்கார்ந்த இடத்தில் விரலால் முடித்துவிட்டார்கள்.

இன்னும் ஒரு கண்ணிவெடி. 'புல் ரன்' என்று ஒரு தலைப்பு உங்கள் மேஜைக்கு மொழிபெயர்ப்புக்கு வருகிறது. ஸ்பெயினில் பாம்ப்ளோனா ஊரில் ஜூலை மாதம் காளைகளைத் தெருவில் அவிழ்த்துவிட்டு முன்னால் ஓடுகிறார்களே, அதுவாக இருக்கலாம். பங்குச் சந்தை தொடர்ந்து ஏறுவதாக இருக்கலாம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1861லும் 1862லும் விர்ஜினியாவில் நடந்த இரண்டு சண்டைகளாகவும் இருக்கலாம். கடைசியதில் காளையும் இல்லை, ஓட்டமும் இல்லை. புல் ரன் ஒரு ஓடையின் பெயர். அமெரிக்காவின் அந்தப் பகுதிகளில் சின்ன ஓடைக்கு ரன் என்று பெயர். நம்ம ஓடையும் ஓடு என்பதிலிருந்துதான் வந்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இனி என் மோட்டாருக்கு வருகிறேன்.

ரன்னுக்குப் பின்னால் ஒரு பண்புச்சொல் வந்தால் அது ஓடுவதே இல்லை, 'ஆகிப்போவது'. ரன் ஷார்ட் என்றால் பத்தாமல் போவது. ரன் வைல்ட் என்றால் கட்டுக்கு அடங்காமல் போவது. கிணறு ரன் ட்ரை என்றால் கிணறு வத்திப்போச்சு. அடுத்து, பம்ப் ரன் ட்ரை. இது வேறு. பம்ப் வத்திப்போகவில்லை, பம்ப் ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் உள்ளே தண்ணி இல்லை. சப்மெர்சிபிள் மோட்டாருக்கு அதைச் சுத்தி ஓடுகிற தண்ணிதான் சூட்டை வாங்கிக்கொண்டு போகிறது. பம்பின் பேரிங்குகளுக்கும் அதே தண்ணிதான் வழவழப்பு. அது நின்றால் சூடு போக வழி இல்லை. ஆக அன்று ராத்திரி அந்தத் தோட்டத்தில் இரண்டு ரன் ட்ரை அடுத்தடுத்து நடந்திருக்கிறது. முதலில் போர், அதன் விளைவாக மோட்டார். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் அதே இரண்டு சொல். தமிழில் ஒன்று வத்தினது, இன்னொன்று வெறுமனே ஓடினது.

சரி, தடுப்பூசி ஒத்திகை எங்கேயிருந்து வந்தது? இதைத் தேடியபோதுதான் எனக்கு நெஞ்சு சுருக்கென்றது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்கத் தீயணைப்புக் குழுக்கள் ஒன்றோடொன்று போட்டி நடத்துவார்கள். வண்டியை இழுத்துக்கொண்டு ஓடி, குழாயை மாட்டி, தண்ணியும் பீய்ச்சினால் அது ஈர ஓட்டம். தண்ணி விடாமல் மற்றதெல்லாம் செய்தால் ட்ரை ரன். பிறகு இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் குண்டு இல்லாமல் செய்கிற ராணுவப் பயிற்சிக்கு இந்தச் சொல் பரவி, மருந்து இல்லாமல் செய்கிற தடுப்பூசிப் பயிற்சி வரைக்கும் வந்திருக்கிறது. அதாவது நான் போட்ட ஒத்திகையும் போட்டிருக்க வேண்டியதும் வேரில் ஒரே விஷயம்: தண்ணி இல்லாமல் ஓடுவது. ஒரு இடத்தில் அது வேண்டுமென்றே செய்யும் பாதுகாப்பான காரியம். இன்னொரு இடத்தில் ராத்திரி யாருக்கும் தெரியாமல் நடக்கிற நாசம். தடுப்பூசி மையத்தில் ட்ரை ரன் நடத்தச் சொல்கிறார்கள், பம்ப் மானுவலில் நடக்கவே கூடாது என்கிறார்கள். இந்த ஒரு வித்தியாசத்தைக் கவனித்திருந்தாலே நான் பேனாவை நிறுத்தியிருப்பேன். ஒத்திகை பார்ப்பதால் யாருடைய வாரண்டியாவது போகுமா?

இப்போதெல்லாம் ரன் வந்தால் அகராதிக்குப் போவதற்கு முன்னால் அந்த வாக்கியத்தில் யார் அசைகிறார்கள், யார் அசைக்கிறார்கள், அது நடந்தால் யாருக்கு என்ன ஆகும் என்று பார்க்கிறேன். சாயம் ரன் ஆனால் துணி பாழ், 'சாயம் போகும்'. குழந்தைக்கு டெம்பரேச்சர் ரன் ஆனால் டாக்டரிடம் ஓட வேண்டியது நாம்; 'காய்ச்சல் அடிக்கும்'. சில இடத்தில் மொழிபெயர்க்காமல் விடுவதே நல்லது. மோட்டார் மெக்கானிக் கடையில் போய் 'வறண்ட ஓட்டம்' என்றால் யாருக்கும் புரியாது. அவர்களுக்கு அது ட்ரை ரன்தான். அதைத் தடுக்கிற டப்பாவுக்கும் ட்ரை ரன் ப்ரிவென்டர் என்றுதான் பெயர், ஸ்டார்ட்டர் பெட்டியில் மாட்டிக் கொடுப்பார்கள்.

அச்சடித்த மானுவல்கள் குடோனில் மிச்சம் இருந்தன. எல்லாவற்றையும் திரும்ப அடிக்க முடியாது, அந்த வரிக்கு மேல் ஒட்ட ஒரு ஸ்டிக்கர் எழுதிக் கொடுங்கள் என்றார்கள். நான் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். 'நீரின்றி இயக்குவதால்', 'நீர்வரத்து இல்லாத நிலையில் இயக்குவதால்' என்றெல்லாம். எதுவும் திருப்தியாக இல்லை. டீலர் கடையில் முப்பது வருஷமாக மோட்டார் இறக்குகிற அண்ணன் ஒருவரிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, "அண்ணே, இதைக் கஸ்டமர்கிட்ட நீங்க எப்படிச் சொல்வீங்க?" என்று கேட்டேன். அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"போர்ல தண்ணி இல்லாதப்போ மோட்டார் போட்டா காயில் கருகிடும், அதுக்கு வாரண்டி கிடையாது."

ஓடு, ஓட்டு, இயக்கு எதுவுமே இல்லை. 'போட்டா' ஒன்றுதான் இருந்தது. எழுத்துப் பிழை மட்டும் பார்த்து, அப்படியே ஸ்டிக்கருக்கு அனுப்பிவிட்டேன்.